யானைக் கண்ணும் பன்றி வாசலும்

மலையடிவாரக் காட்டில் கோரையன் என்ற காட்டுப்பன்றி தோட்டம் போட்டிருந்தது.

காட்டுப்பன்றி தோட்டத்தை அழிக்கும் என்றுதான் எல்லோரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். கோரையன் வேறு மாதிரி. வள்ளிக்கிழங்கு, சேனை, சேம்பு என்று வரிசை வரிசையாக நட்டது. விளையும்வரை பொறுத்திருந்தது. விளைந்த பிறகுதான் தோண்டித் தின்றது. இதனால் சொந்தபந்தங்கள் நடுவில் அதற்கு நல்ல பெயர் இல்லை.

"நட்டு வெச்சுத் தின்கிறவன் எல்லாம் ஒரு பன்றியா!" என்று அவை ஏசின. ஏசிவிட்டு, தோட்டம் எந்தப் பக்கம் இருக்கிறது என்றும் விசாரித்தன.

அதனால் கோரையன் தோட்டத்தின் பாதையோரம் முழுக்க உண்ணிச்செடியை வேலியாக வளர்த்தது. முள்ளும் பூவுமாக அது தழைத்தது. வெளியே நின்று பார்த்தால் உள்ளே கிழங்கு இருப்பது தெரியாது. கோரையனுக்கு அந்த வேலிமீது கொள்ளைப் பிரியம். காலையில் எழுந்ததும் அதைத்தான் முதலில் பார்க்கும். பெண்டாட்டி வேலாத்தாவை அப்புறம் பார்க்கும்.

தோட்டத்து வாசல் யானைத் தடத்தில் திறந்தது. அது மலையிலிருந்து இறங்கி வரும் பெரிய பாதை. சரியாகக் கோரையனின் வாசலுக்கு மேலே அது வளைந்தது. வளைவில் ஐந்து மரங்கள் நின்றன. அவற்றில் பெரியது ஒரு தான்றி மரம். வாசலை ஒட்டி ஒரு இளம் நாவல் மரமும் இருந்தது. அது கோரையன் வைத்த மரம். பழத்தைத் தின்று கொட்டையைத் துப்பியது என்பதே உண்மை. ஆனாலும் 'நான் வெச்ச மரம்' என்றுதான் சொல்லிக்கொள்ளும்.

பாதைக்கு எதிர்ப்புறம் சேற்றுக் குட்டை இருந்தது. தினமும் காலையில் வேலாத்தா தன் எட்டுக் குட்டிகளையும் வரிசையாக நிறுத்தி, பாதையைக் கடந்து, சேற்றுக்குக் கூட்டிப் போகும்.

ஒரு நாள் வேலாத்தா கடந்துவிட்டது. முதல் குட்டி கடந்தது. இரண்டாவது கடந்தது. மூன்றாவது கடக்கும்போது வளைவிலிருந்து திம்மன் என்ற காட்டெருது தடதடவென்று வந்தது. வந்த வேகத்தில் போயே போய்விட்டது. மூன்றாவது குட்டியின் வாலில் பாதி பாதையிலேயே கிடந்தது.

சாயங்காலம் திம்மன் வந்து மன்னிப்புக் கேட்டது.

"நான் பார்க்கலைங்க! வளைவு திரும்பினா வாசலே கண்ணுக்குத் தெரியலை!"

"எங்களுக்கும் உன்னைத் தெரியலை!" என்றது கோரையன்.

திம்மன் போன பிறகு வேலாத்தா புருஷனிடம் சொன்னது: "இன்னைக்கு வால். நாளைக்கு?"

கோரையன் அன்றே போய்ப் பாதைக் கண்காணிப்பாளரிடம் முறையிட்டது.

கண்காணிப்பாளர் ஒரு நரி. அது வீட்டில்கூட அறிக்கை மாதிரித்தான் பேசும் என்பார்கள்.

"வாசல் சீரமைப்பு கோரி வந்த மனு ஏற்கப்பட்டது! தல ஆய்வு நாளை நடைபெறும்!" என்றது நரி. அங்கே கோரையனும் நரியும் மட்டும்தான் இருந்தன.

மறுநாள் ஆய்வுக்கு மாசாணி வந்தது. மாசாணி யானைக் கூட்டத்துக்குத் தலைவி. அந்தத் தடத்தைப் போட்டதே அதன் பாட்டன் பூட்டன் காலத்து யானைகள். ஆகவே காட்டில் ஒரு வழக்கம் இருந்தது. தடத்தில் எதை அளந்தாலும், எதைப் பார்த்தாலும், யானைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். மற்றவர்கள் கண்ணால் பார்த்தது செல்லாது. இந்த வழக்கத்தால் யாருக்கும் இதுவரை பெரிய தொந்தரவு வந்ததில்லை. யானைகளுக்கு வந்ததே இல்லை.

மாசாணி பாதை நடுவில் நின்றது. மேலே பார்த்தது. வளைவைப் பார்த்தது. தான்றி மரத்தின் கிளைகள் அதன் கண்ணுக்கு நேராகத் தொங்கின. கீழே காலடியில் என்னவோ பச்சையாக இருந்தது. யானைக்குக் காலடியில் எப்போதும் என்னவாவது பச்சையாகத்தான் இருக்கும். மாசாணி அதைக் கவனிக்கவில்லை.

"தான்றிதான் மறைக்குது," என்றது மாசாணி.

"தான்றி மறைக்கிறது!" என்றது நரி. "அதன் பக்கத்து மரங்களும் பிற்காலத்தில் மறைக்க வாய்ப்புள்ளது! ஆகவே ஐந்து மரங்களையும் நாளை மறுநாள் காலை சாய்த்துவிடப் பரிந்துரைக்கிறேன்! பாதுகாப்பே முக்கியம்!"

ஐந்து மரங்களும் போய்விட்டால் நரியின் குகை வாசலிலிருந்து முயல் மேடு நேராகத் தெரியும். இதை நரி பரிந்துரையில் சேர்க்கவில்லை. முயல்களுக்கு என்ன புரிந்ததோ, பாதுகாப்பு என்ற சொல்லைக் கேட்டதும் எல்லாம் பொந்துக்குள் போய்விட்டன.

அப்போது ஆண்டியப்பன் பறந்து வந்து தான்றிக் கிளையில் உட்கார்ந்தது.

ஆண்டியப்பன் ஒரு இருவாச்சிப் பறவை. அதன் பெண்டாட்டி பவளம் அந்தத் தான்றிப் பொந்துக்குள் இருந்தது. இருவாச்சிகளின் குடும்ப வழக்கம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். முட்டையிடப் போகும் பெண் பறவை பொந்துக்குள் போய், வாசலைப் பூசி அடைத்துக்கொள்ளும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு சந்து மட்டும் விடும். குஞ்சு வளரும்வரை ஆண் பறவைதான் பழம் கொண்டுவந்து அந்தச் சந்து வழியாக ஊட்டும்.

ஆண்டியப்பனின் தொண்டை நிறைய அத்திப்பழம். பேச முடியவில்லை. அது ஒரு பழத்தைக் கக்கிக் கிளையில் வைத்தது. இன்னொன்றை வைத்தது. இன்னும் ஒன்றை வைத்தது.

"ஆட்சேபணை இருந்தால் விரைந்து தெரிவிக்கவும்!" என்றது நரி.

ஆண்டியப்பன் நான்காவது பழத்தை வைத்தது. ஐந்தாவதை வைத்தது. ஆறாவதுதான் கடைசி.

"என் சம்சாரம் உள்ளே இருக்குதுங்க!" என்றது.

"வெளியே வரச் சொல்லவும்!"

"அதுக்கு இறக்கையில இறகெல்லாம் உதிர்ந்து கிடக்குது. இப்ப பறக்க முடியாது. குஞ்சு பொரிச்சுப் பத்து நாள்தான் ஆகுது. கண்ணு திறக்கலை. இன்னும் ரெண்டு மாசம் பொறுத்துக்கங்க, நாங்களே போயிடறோம்!"

எல்லோரும் கோரையனைப் பார்த்தார்கள்.

கோரையன் வேலாத்தாவைப் பார்த்தது. வேலாத்தா எட்டுக் குட்டிகளையும் பார்த்தது. ரெண்டு மாசம் என்றால் அறுபது காலை. அறுபது தடவை எட்டுக் குட்டிகளும் அந்தப் பாதையைக் கடக்க வேண்டும்.

"முடியாதுங்க," என்றது வேலாத்தா. "எனக்கும் பாவமாத்தான் இருக்குது. ஆனா முடியாது!"

"அப்படியே ஆகட்டும்," என்றது மாசாணி. அதன் குரலில் சந்தோஷம் இல்லை.

ஆண்டியப்பன் கிளையில் வைத்த பழங்களை ஒவ்வொன்றாகத் திரும்ப விழுங்கியது. பெண்டாட்டிக்கு நேரமாகிவிட்டது. அவசரத்தில் ஒரு பழம் தவறிக் கீழே விழுந்து, உருண்டு, உண்ணிச்செடி வேலிக்குள் போய்விட்டது.

அதன் பின்னாலேயே அரைவால் குட்டியும் போய்விட்டது.

"டேய், வெளியே வாடா!" என்று கத்திக்கொண்டு கோரையன் ஓடியது. வேலிக்குள் தலையை விட்டது. குட்டி இன்னும் உள்ளே இருந்தது. கோரையன் முன்னங்காலை மடக்கி, மோவாயைத் தரையில் வைத்து, குட்டியின் உயரத்துக்குக் குனிந்தது. அங்கிருந்து வளைவுப் பக்கம் பார்த்தது.

வளைவு தெரியவில்லை. பாதை தெரியவில்லை. தான்றி மரமும் தெரியவில்லை. கண்ணுக்கு முன்னால் உண்ணிச்செடி, அதற்குப் பின்னாலும் உண்ணிச்செடி, அது முடிந்த இடத்தில் நாவல் மரத்தின் அடிப்பாகம். பாதையை மறைக்கிற மரம் என்று பேர் வாங்கிய மரத்தையே அந்த வேலி மறைத்துக்கொண்டு நின்றது.

கோரையன் குட்டியைப் பல்லால் கவ்வி வெளியே இழுத்தது. எழுந்து நின்று மண்ணை உதறியது.

"என்னங்க? என்ன பார்த்தீங்க?" என்று கேட்டது வேலாத்தா.

"ஒண்ணுமில்லை. பழம்," என்றது கோரையன்.

அன்று முழுக்க அது தோட்டத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. சேனைக் கொல்லைக்குப் போனது. சேனை தழைத்து நின்றது. சேம்புக் கொல்லைக்குப் போனது. சேம்பும் தழைத்து நின்றது. வேலி மட்டும் போனால் ஒரே வாரத்தில் மாமன் மச்சான் எல்லாம் மூக்கை நீட்டிக்கொண்டு வந்துவிடும்.

கோரையன் தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டது. யானைக் கண்ணால் பார்த்துச் சொன்ன தீர்ப்பு. பெரியவர்கள் பார்த்தது தப்பாக இருக்குமா? பன்றிக் கண்ணால் பார்த்ததுதான் செல்லாதே! அப்புறம் அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது? இப்படி யோசித்தால் மனசு லேசாகும் என்று நினைத்தது. ஆகவில்லை.

மறுநாள் வேலாத்தா தான்றி மரத்தடிக்குப் போய் நின்றது. கோரையன் வேலிக்கு இந்தப் பக்கம் கிழங்குக்கு மண் அணைப்பதுபோல் நின்றுகொண்டிருந்தது.

"பவளம்!" என்று மேலே பார்த்துக் கூப்பிட்டது வேலாத்தா. "என்மேல கோவம் வெச்சுக்காதே. எனக்கு எட்டு இருக்குது. ஒவ்வொண்ணுக்கும் பயந்து பயந்து சாகறேன்."

சந்தில் அலகின் நுனி அசைந்தது. பிறகு பொந்தின் சந்து வழியாகக் குரல் வந்தது.

"கோவம் எல்லாம் இல்லைக்கா. எனக்கு ஒண்ணுதான் இருக்குது. அதனால பயமும் ஒண்ணுதான்."

வேலாத்தா திரும்பி வந்துவிட்டது. வந்தவுடன் குட்டிகளைக் காரணமில்லாமல் திட்டியது.

கோரையன் மண் அணைப்பதை நிறுத்திவிட்டது. எந்தக் கிழங்குக்கு அணைத்தோம் என்றே அதற்குத் தெரியவில்லை.

குறித்த காலை வந்தது. மாசாணி வந்தது. நரி வந்தது. திம்மனும் ஓரமாக வந்து நின்றது. வால் விஷயத்துக்குப் பிறகு அது எங்கேயும் ஓரமாகத்தான் நிற்கும்.

ஆண்டியப்பன் பொந்து வாசலில் தொற்றிக்கொண்டு பழம் ஊட்டிக்கொண்டிருந்தது. வழக்கம்போல் ஒவ்வொன்றாகத் தொண்டையிலிருந்து எடுத்துச் சந்துக்குள் நீட்டியது. உள்ளேயிருந்து அலகின் நுனி வந்து வாங்கிக்கொண்டது. ஆறு பழம் முடிந்தது. ஆண்டியப்பன் ஏழாவதை எடுத்தது. எட்டாவதையும் எடுத்தது.

"இன்னைக்கு என்ன, ரெண்டு அதிகமா இருக்குது?" என்று உள்ளேயிருந்து பவளம் கேட்டது.

"கிடைச்சுது," என்றது ஆண்டியப்பன்.

மரம் சாயப்போவது பவளத்துக்குத் தெரியும்; அது இன்றைக்குத்தான் என்பதை மட்டும் ஆண்டியப்பன் சொல்லவே இல்லை.

மாசாணி நெற்றியை மரத்தில் வைத்தது.

கோரையனுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. நேராக ஓடி மரத்துக்கும் யானைக்கும் நடுவில் போய் நின்றது.

"நிறுத்துங்கம்மா! மரம் மறைக்கலைங்க!"

"நான்தானே பார்த்தேன்?" என்றது மாசாணி.

"நீங்க உங்க உயரத்துல பார்த்தீங்க. சாகப்போறது எங்க உயரம்! ஒரே ஒரு தடவை கீழே இருந்து பாருங்கம்மா!"

"வழக்கத்தில் இடமில்லை!" என்று நரி குறுக்கே விழுந்தது. "யானைக் கண்ணால் பார்த்தது மட்டுமே செல்லும்!"

மாசாணி நரியைப் பார்த்தது. கோரையனைப் பார்த்தது. அரைவால் குட்டியையும் பார்த்தது. பிறகு, அவ்வளவு பெரிய உடம்பை மெதுவாக மடக்கி, பாதையில் படுத்தது. வாசலில் குட்டிகள் நிற்கிற இடத்தில் கன்னத்தைத் தரையோடு வைத்தது.

"படுத்தா என் கண்ணு முயல் கண்ணாவா போயிடும்? இதுவும் யானைக் கண்ணுதான்," என்றது.

நரியின் பரிந்துரைகளில் படுத்த யானை இதுவரை வந்ததில்லை.

மாசாணி அந்தக் கோலத்தில் வெகுநேரம் கிடந்தது. திம்மனை வளைவிலிருந்து நடந்து வரச் சொன்னது. திம்மன் நடந்து வந்தது. வாசலுக்கு நேரே வரும்வரை மாசாணிக்கு அதன் குளம்பு நுனிகூடத் தெரியவில்லை.

"இந்த வேலி யாருது?" என்று படுத்தபடியே கேட்டது.

கோரையன் தலையைத் தொங்கவிட்டது.

"என்னோடதுங்க."

"எதுக்கு இத்தனை அடர்த்தி?"

"சொந்தக்காரங்களுக்காகங்க."

மாசாணி மேற்கொண்டு கேட்கவில்லை. எல்லோருக்கும் சொந்தக்காரர்கள் இருந்தார்கள்.

"இது எப்பத் தெரிஞ்சுது உங்களுக்கு?" என்று வேலாத்தா கேட்டது.

"முந்தாநாள்," என்றது கோரையன்.

வேலாத்தா அதன் முகத்தைப் பார்க்கவில்லை. குட்டிகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. கோரையனுக்குச் செவிட்டில் அறைந்திருந்தாலே நன்றாக இருந்திருக்கும்.

மாசாணி எழுந்தது. வளைவுப் பக்கம் இருந்த வேலியைத் தும்பிக்கையால் சுருட்டிப் பிடுங்கி எறிந்தது. மறுபடி படுத்துப் பார்த்தது. பாதி வளைவு தெரிந்தது. மீதியை நாவல் மரம் மறைத்தது.

"இந்த ஒண்ணு போகணும்," என்றது.

"நான் வெச்ச மரங்க!" என்று கோரையன் பதறியது. பிறகு அண்ணாந்து தான்றிப் பொந்தைப் பார்த்தது. சந்தில் அலகு நுனி ஆடாமல் நின்றது. கீழே ஏதோ நடக்கிறது என்பது மட்டும் உள்ளே தெரிந்திருக்கும்போல.

"சரிங்கம்மா. அது போகட்டும்," என்றது கோரையன்.

நாவல் மரம் ஒரே தள்ளில் சாய்ந்தது. வேலி போன இடத்திலிருந்து பார்த்தால் இப்போது வளைவு முழுக்கத் தெரிந்தது. திம்மன் மேலே போய் ஓடி வந்தது. குட்டிகள் அது வருவதைப் பார்த்து வாசலிலேயே நின்றன. கோடு போட்ட எட்டு முதுகுகளைத் திம்மனும் பார்த்தது. அது வேகத்தைக் குறைத்து நடந்தது. திம்மன் அந்தப் பாதையில் நடந்ததை யாரும் அதற்குமுன் பார்த்ததில்லை.

"தான்றி போக மீதி நாலு மரங்கள்?" என்று நரி மெதுவாகக் கேட்டது.

"அதையும் படுத்துப் பார்த்துட்டேன். உன் குகை வாசல்தான் மறையுது," என்றது மாசாணி.

நரி வேறு வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டது.

நான்காம் நாளே சொந்தபந்தங்கள் வந்தன. "அட, கிழங்கு!" என்றன. நட்டு வெச்சுத் தின்கிறவனைப் பற்றி அன்றைக்கு எதுவும் பேசவில்லை. இரண்டு வரிசை சேனையும் ஒரு வரிசை சேம்பும் காலி. கோரையன் நடுவில் நின்று கத்திக் கத்தித் தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

அவை போன பிறகு கோரையன் தோண்டிப்போட்ட மண்ணைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. வேலாத்தா குட்டிகளைச் சேற்றிலிருந்து கூட்டி வந்தது. 'முந்தாநாள்' என்ற பதிலைக் கேட்ட நாளிலிருந்து அது புருஷனிடம் பேசியிருக்கவில்லை.

"எண்ணுங்க," என்றது வேலாத்தா.

கோரையன் எண்ணியது. எட்டு இருந்தன. ஏழரை வால்.

"சரியா இருக்கா?"

"இருக்கு."

"அப்ப எந்திரிச்சு வாங்க. நட வேண்டாமா?"

இரண்டு மாதம் போனது. ஒரு காலையில் தான்றிப் பொந்தின் பூச்சு உடைந்து விழுந்தது. முதலில் பவளம் வெளியே வந்தது. பிறகு குஞ்சு வந்தது. அத்தனை நாள் கழித்து வெளியுலகத்தைப் பார்த்த பவளம் கீழே எட்டிப் பார்த்துக் கண்ணைச் சுருக்கியது.

"பன்றி வாசல் என்ன இப்படி வெளிச்சமா இருக்குது? அங்க ஒரு நாவல் மரம் இருந்துதே? வேலி இருந்துதே?"

ஆண்டியப்பனின் தொண்டையில் அன்றைக்குப் பழம் எதுவும் இல்லை. சொல்ல நினைத்தால் எல்லாம் சொல்லியிருக்கலாம். கோரையன் உண்மையை மறைத்து வைத்த இரண்டு நாளையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். கீழே கோரையன் தோண்டுவதை நிறுத்திவிட்டு, மூச்சுவிடாமல் கேட்டுக்கொண்டிருந்தது.

"இருந்துது," என்றது ஆண்டியப்பன். "உனக்கும் குஞ்சுக்கும்னு அவங்க எடுத்துட்டாங்க."

கோரையன் தலையை நிமிர்த்தவே இல்லை. வாயிலிருந்த நாவல் கொட்டையைத் தோட்டத்தின் உள்பக்கம், பாதையை மறைக்காத மூலையில் துப்பியது. இந்தத் தடவை மூக்கால் மண்ணைத் தள்ளி ஒழுங்காக மூடியும் விட்டது.

வழியில் ஆபத்து என்று ஊர் மரத்தை வெட்டச் சொல்லும் முன், ஆபத்தில் நிற்பவரின் உயரத்துக்குக் குனிந்து, மறைப்பது நாம் வளர்த்த வேலியா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.